பார்த்துச் சொல்றதுக்கும் கூலி உண்டு

விவசாயத்தைப் பத்தி எழுதற இடத்துல வண்டியோட டீசல் பம்ப்புக்கு என்ன வேலைன்னு கேட்பீங்க. நிறைய வேலை இருக்கு. கத்தரி பறிச்சு, கீரை அறுத்து, கட்டு கட்டி வண்டியில ஏத்தினதோட எங்க விவசாயம் முடியறதில்ல. அந்த வண்டி ராத்திரியே கிளம்பி, விடியறதுக்குள்ள கோயம்பேட்டுல போய் நிக்கணும். நின்னாத்தான் பறிச்ச ஆளுக்கு கூலி, உரக்கடை பாக்கி, வீட்டுச் செலவு எல்லாம். சாவியைத் திருகினா செல்ஃப் மட்டும் சுத்துது, இன்ஜின் பிடிக்கலன்னா, விடிஞ்சப்புறம் போய்ச் சேர்ற கீரையை யாரும் கேட்க மாட்டாங்க. திருப்பி எடுத்துட்டு வந்து மாட்டுக்குத்தான் போடணும்.

பெரியபாளையம், வெங்கல், தாமரைப்பாக்கம், ஊத்துக்கோட்டை பக்கம் வாங்க. தெருவுக்கு ரெண்டு மூணு மினி லாரியோ பிக்கப்போ நிக்கும். ராத்திரி காய்கறி, பூ ஏத்தற அதே வண்டிதான் பகல்ல கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கும் தேர்வாய் கண்டிகைக்கும் ஏதாவது கம்பெனி சரக்கு அடிக்குது. காயை மட்டும் நம்பினா வண்டித் தவணை கட்ட முடியாது. கம்பெனி லோடை மட்டும் நம்பினா மாசத்துல பத்து நாள் சும்மா நிக்கணும். ரெண்டும் சேர்ந்தாத்தான் ஓடும். அதனால வண்டி ஒருநாள் நின்னா ரெண்டு பக்கமும் அடி.

இந்த வண்டிங்களுக்கு இப்ப வர்ற பெரிய வியாதி ஸ்டார்ட்டிங் டிரபிள். அதைவிடப் பெரிய வியாதி ஒண்ணு இருக்கு. என்ன கோளாறுன்னு அளந்து பார்க்காமலே பாகத்தை மாத்தறது. அந்த ரெண்டாவது வியாதிக்கு மெக்கானிக்கை மட்டும் குத்தம் சொல்றது சரியில்லன்னு சொல்லத்தான் இதை எழுதறேன்.

மைக்கோ பம்ப் காலமும் இப்பவும்

எங்க அப்பா காலத்து வண்டிகள்ல டீசல் பம்ப்புன்னா 'மைக்கோ பம்ப்'தான். பெங்களூருல 1951-ல ஆரம்பிச்ச மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியோட சுருக்கப் பேர் அது. 2008-ல பாஷ்னு பேர் மாத்திக்கிட்டாங்க, ஆனா ஹைவே ஓரத்துல பழைய ஆளுங்க வாயில இன்னும் மைக்கோதான். அந்தப் பம்ப்புல கம்ப்யூட்டர் கிடையாது. செல்ஃப் நல்லா சுத்தி, டீசல் வந்துச்சுன்னா இன்ஜின் பிடிச்சே ஆகணும். பிடிக்கலன்னா மெக்கானிக் நாசில் பைப்போட நட்டை ஸ்பேனரால கொஞ்சம் தளர்த்துவார், செல்ஃப் அடிக்கச் சொல்வார், நுரை நுரையா காத்து போய் டீசல் சுத்தமா வந்ததும் இறுக்குவார். பத்து நிமிஷ வேலை. கண்ணால பார்த்து, காதால கேட்டு, கையால தொட்டுக் கண்டுபிடிக்கிற வித்தை அது.

அப்புறம் புகைக் கட்டுப்பாடு வந்துச்சு. நாடு முழுக்க பி.எஸ். 4 விதி 2017 ஏப்ரல் 1-லயும், பி.எஸ். 6 விதி 2020 ஏப்ரல் 1-லயும் அமலுக்கு வந்துச்சு. நடுவுல இருந்த அஞ்சைத் தாண்டிட்டாங்க. டீசல்ல இருக்கற கந்தகத்தையும் 50 பி.பி.எம்.லருந்து 10-க்குக் குறைச்சாங்க. மூச்சு விடற எல்லாருக்கும் நல்லதுதான், அதுல எனக்கு மாற்றுக் கருத்து இல்ல. ஆனா அதோட சின்ன வண்டி வரைக்கும் காமன் ரெயில் வந்து உட்கார்ந்துச்சு. ஜப்பான்ல டென்சோ கம்பெனி 1995-லயே லாரியில போட்ட தொழில்நுட்பம்தான்.

காமன் ரெயில்னா சுருக்கமா இது. டேங்க்லருந்து டீசல் ஃபில்டர் வழியா பம்ப்புக்கு வருது. பம்ப் அதை அழுத்தி ஒரு தடிச்ச இரும்புக் குழாய்ல நிரப்பி வைக்குது. அதுதான் ரெயில். எல்லா இன்ஜெக்டருக்கும் அதுலருந்துதான் கிளை போகுது. எந்த இன்ஜெக்டர், எப்ப, எவ்வளவு நேரம் திறக்கணும்னு கம்ப்யூட்டர் முடிவு பண்ணுது. ரெயில்ல பிரஷர் எவ்வளவுன்னு ஒரு சென்சார் சொல்லிக்கிட்டே இருக்கும். செல்ஃப் அடிக்கும்போது ஏறக்குறைய 200 பார் வந்தாத்தான் கம்ப்யூட்டர் இன்ஜெக்டரைத் திறக்கவே விடும். இது வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். வண்டி இழுத்து ஓடும்போது 1,600 பார் வரைக்கும் கூடப் போகும். பிக்கப்போட டயர்ல 50, 60 பவுண்டு காத்து பிடிக்கிறோம். 1,600 பார்னா அந்தக் கணக்குல 23,000 பவுண்டு.

இங்கதான் பழைய வித்தை ஆபத்தாயிடுது. காமன் ரெயில் வண்டியில நட்டைத் தளர்த்தி காத்து எடுக்கவே கூடாது. எங்க கசியுதுன்னு விரல் வெச்சுத் தடவிப் பார்க்கவும் கூடாது. அந்த பிரஷர்ல வர்ற டீசல் தோலைக் கிழிச்சு உள்ள போயிடும். வெளிய ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், உள்ள சதை கெட்டுப் போயிடும். அப்படி ஆச்சுன்னா மஞ்சள் வெச்சுக் கட்டிட்டு வீட்டுக்குப் போகாம உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இதை எத்தனை ஒர்க்‌ஷாப் பசங்களுக்கு யார் சொல்லிக் கொடுத்திருக்காங்க?

கிணத்து மோட்டார் தெரிஞ்சவனுக்கு இது புரியும்

கம்ப்யூட்டர்னதும் நம்மாலே ஆகாதுன்னு விவசாயி ஒதுங்கிடறான். தேவையில்ல. காமன் ரெயில் வண்டியோட ஸ்டார்ட்டிங் டிரபிள்ல பெரும் பங்கு, கழனியில நாம தினமும் பார்க்கிற விஷயம்தான்.

கிணத்து மேல மோனோபிளாக் மோட்டார் இருக்கு. தண்ணிக்குள்ள ஃபுட் வால்வு இருக்கு. ஃபுட் வால்வுல ஒரு சின்ன கல்லு மாட்டிக்கிச்சுன்னா என்ன ஆகும்? ராத்திரி மோட்டாரை நிறுத்தினதும் குழாய்ல இருக்கற தண்ணி மெதுவா கிணத்துக்கே இறங்கிடும். காலைல போட்டா மோட்டார் சுத்தும், தண்ணி வராது. குடத்துல தண்ணி மொண்டு ஊத்தி எடுக்கணும். ஒரு தடவை எடுத்துடுச்சுன்னா சாயங்காலம் வரைக்கும் பிரச்சினையே இருக்காது.

இன்னொண்ணு. டெலிவரி பைப்புல ஓட்டைன்னா தண்ணி பீச்சும், கண்ணுக்குத் தெரியும். சக்‌ஷன் பைப்புல ஓட்டைன்னா ஒரு சொட்டு கூட வெளிய வராது, உள்ள காத்து வாங்கும். அதனாலதான் சக்‌ஷன் ஓட்டையைக் கண்டுபிடிக்க நேரம் ஆகுது.

நிறைய பிக்கப்புகள்ல டேங்க்குக்கும் பம்ப்புக்கும் நடுவுல டீசல் இப்படித்தான் உறிஞ்சப்பட்டு வருது. ஒரு ஹோஸ்ல மயிரிழை வெடிப்பு, ஃபில்டர் மூடியில சரியா உட்காராத ஓ-ரிங், தளர்ந்த கிளாம்ப், காய்ஞ்சுபோன ஹேண்ட் பிரைமர் ரப்பர், இதுல எது இருந்தாலும் ராத்திரி டீசல் டேங்க்குக்கே இறங்கிடும். காலைல செல்ஃப் நீளமா அடிக்கணும். பிடிச்சப்புறம் நாள் முழுக்க ஓடும். தரையில ஒரு சொட்டு டீசல் இருக்காது. டேங்க்குக்குள்ளேயே கரண்ட் பம்ப் இருக்கற வண்டின்னா கதை வேற. அதுல டீசல் தள்ளப்பட்டு வர்றதால கசிவு வெளியே தெரியும்.

ஆக, காலைல முதல் ஸ்டார்ட் மட்டும் தகராறுன்னா, சாவியைத் திருகறதுக்கு முன்னாடி ஹேண்ட் பிரைமரை அமுக்கிப் பாருங்க. அது சொத சொதன்னு இருந்து, இருபது தடவை அமுக்கினப்புறம் கெட்டியாகி, உடனே வண்டி பிடிச்சுச்சுன்னா, பம்ப் மேல கை வைக்கறதுக்கு முன்னாடி காத்து எங்க நுழையுதுன்னு தேடணும். குடத்துல ஊத்தி எடுத்த மோட்டார் மாதிரிதான் இதுவும்.

விலை குறைஞ்சதுலருந்து மேல ஏறணும்

நல்ல மெக்கானிக்கோட முதல் கேள்வி, 'எப்போ?' காலைல குளிர்ந்திருக்கும்போதா? ஓடி சூடானப்புறம் டீக்கடையில நிறுத்தி எடுக்கும்போதா? ஃபில்டர் மாத்தின அடுத்த நாள்லருந்தா? டீசல் போட்டப்புறமா? லோடோட மேம்பாலம் ஏறும்போது மட்டும் இழுக்காம போகுதா? இந்தப் பதிலைக் கேட்காம பானெட்டைத் தூக்கறவர்கிட்ட வண்டியை விடாதீங்க.

அடுத்து பேட்டரி. டீசல் கோளாறுல பேட்டரி எங்க வந்துச்சுன்னு கேட்கலாம். ரெயில்ல பிரஷர் ஏத்தற பம்ப்பை இன்ஜின்தான் சுத்துது. செல்ஃப் மெதுவா சுத்தினா பம்ப்பும் மெதுவா சுத்தும், 200 பார் வராது, கம்ப்யூட்டர் டீசலை விடாது. பேட்டரி தப்பு டீசல் தப்பு மாதிரி வேஷம் போடும். மல்டிமீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. சும்மா நிக்கும்போது 12.6 வோல்ட் பக்கம் காட்டணும். செல்ஃப் அடிக்கும்போது ஒன்பதரைக்குக் கீழ விழுந்தா முதல்ல பேட்டரி, டெர்மினல், எர்த் வயர் மூணையும் பாருங்க. வண்டி எர்த் துரு பிடிச்சே எத்தனையோ வண்டி 'பம்ப் கம்ப்ளைன்ட்'னு நின்னிருக்கு.

மூணாவது தண்ணி. ஃபில்டர் அடியில வடி திருகு இருக்கும். கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு அஞ்சு நிமிஷம் வெச்சா தண்ணி அடியில தனியா நிக்கும். கேன்ல, பேரல்ல வாங்கி வெச்ச டீசலை ஊத்தற பழக்கம் எங்க பக்கம் ஜாஸ்தி. மழைக்காலத்துல பேரல் மூடி வழியா இறங்கற தண்ணி நேரா ஃபில்டருக்குத்தான் வருது. மண்ணெண்ணெய் கலந்த டீசல் இன்னும் மோசம். இந்தப் பம்ப்புக்கு எண்ணெய் தனியா கிடையாது, டீசலேதான் வழுவழுப்பு. மண்ணெண்ணெயில அது குறைவு. லிட்டருக்கு சில ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் இரும்போட இரும்பு தேய்ஞ்சிடும்.

நாலாவது, டேங்க் மூடியைத் திறந்து வெச்சு ஸ்டார்ட் பண்ணிப் பார்க்கிறது. மூடியில காத்துப் போற வழி அடைச்சிருந்தா ஓட ஓட டேங்க் உள்ள வெற்றிடமாகி டீசல் வராது. திறக்கும்போது 'உஸ்'னு காத்து உள்ள இழுக்கிற சத்தம் கேட்டா அதுதான். கும்மிடிப்பூண்டி உருக்காலைப் பக்கம் ஓடற வண்டிக்கு மண்ணும் இரும்புத் தூசியும் படியாத இடமே இல்ல.

அஞ்சாவது, ஃபில்டருக்கும் பம்ப்புக்கும் நடுவுல ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி மாதிரி தெரியற ஹோஸ் போட்டுப் பார்க்கிறது. முத்து முத்தா குமிழி ஓடினா காத்து வாங்குது. இது கம்மி பிரஷர் பக்கம், இங்க ஹோஸ் கழட்டறதுல அந்த ஆபத்து இல்ல.

இவ்வளவுக்கும் அப்புறம்தான் ஸ்கேனர். செல்ஃப் அடிக்கும்போது மூணு எண்ணைப் பார்க்கணும். இன்ஜின் சுத்து, கேட்கிற ரெயில் பிரஷர், உண்மையா வர்ற ரெயில் பிரஷர். சுத்து சைபர்னு காட்டினா கிராங்க் சென்சார் பக்கம் போகணும், பிரஷர் எவ்வளவு நல்லா இருந்தாலும் வண்டி பிடிக்காது. சுத்து வருது, பிரஷர் 80, 100-லயே நின்னுடுதுன்னா, உள்ள வர்ற டீசல் போதலையா, வந்த டீசல் எங்கயாவது ஒழுகுதான்னு பிரிச்சுப் பார்க்கணும். ஒவ்வொரு இன்ஜெக்டரோட ரிட்டர்ன் குழாய்க்கும் ஒரு பாட்டில் வெச்சு, எதுல மட்டும் சீக்கிரம் நிரம்புதுன்னு பார்க்கிறது அதுக்குத்தான். குளிர்ல பிடிச்சு, சூடானா பிடிக்காத வண்டியில இது முக்கியம். சூட்டுல டீசல் நீர்த்துப் போறதால தேய்ஞ்ச இன்ஜெக்டர் வழியா ஜாஸ்தி ஒழுகும். பாட்டில் செலவு ஒண்ணுமே இல்ல.

கடைசியாத்தான் பம்ப். பழைய ஃபில்டரை அறுத்து வெள்ளைத் துணியில தட்டிப் பார்த்தா மினுமினுன்னு இரும்புப் பொடி இருக்கா? இருந்தா பம்ப்போட கதை முடிஞ்சதுன்னு எடுத்துக்கலாம். அப்ப செலவைத் தவிர்க்க முடியாது. அந்தப் பொடியைக் கழுவாம புது பம்ப் மட்டும் போட்டா அதுவும் சீக்கிரம் போயிடும்.

அவசரத்துக்கு ஏர் வழியில ஸ்டார்ட்டிங் ஸ்ப்ரே அடிக்கிறாங்க. க்ளோ பிளக் இருக்கற வண்டியில அது உள்ள வெடிச்சு பிஸ்டனையே உடைக்கலாம். வேணாம்.

ஒரு ரப்பர் வளையம்

எங்க சித்தப்பா மகன் பிக்கப்புக்கு நடந்ததைச் சொல்றேன். மூணு வாரமா காலைல செல்ஃப் நீளமா அடிக்கணும். ஒரு ஒர்க்‌ஷாப்புல ஸ்கேனர் போட்டாங்க. பி0087னு கோட் வந்துச்சு. ரெயில் பிரஷர் கம்மின்னு அதுக்கு அர்த்தம். உடனே பம்ப் மாத்தணும்னு எழுதிக் கொடுத்துட்டாங்க. அதோட இன்ஜெக்டரையும் பார்த்துடலாம்னாங்க. ரெண்டும் சேர்ந்தா லட்சத்தை நெருங்கும்.

'பிரஷர் கம்மி'ங்கிறது 'ஜுரம் இருக்கு'ங்கிற மாதிரி. ஏன் ஜுரம்னு தெர்மாமீட்டர் சொல்லாது. டேங்க் மூடி அடைச்சாலும் அதே கோட் வரலாம், ஃபில்டர் அடைச்சாலும் வரலாம், காத்து வாங்கினாலும் வரலாம், சென்சார் பொய் சொன்னாலும் வரலாம்.

கவரைப்பேட்டை பக்கம் ஹைவே ஓரத்துல தகரக் கொட்டாய் போட்டிருக்கற ஒரு மெக்கானிக்கிட்ட வண்டி போச்சு. "இன்னாணா, பம்ப் போயிடுச்சா?"ன்னான் தம்பி. "பம்ப்பை அப்புறம் பாக்கலாம். எப்போப்பா பிடிக்கல, காலைலயா, டீ குடிச்சிட்டு வந்தப்புறமா?"ன்னார் அவர். காலைலன்னதும், "கடைசியா ஃபில்டர் யார் மாத்தினது, எப்போ?"ன்னார். அந்தத் தேதியும் தொந்தரவு ஆரம்பிச்ச தேதியும் ஒட்டியே இருந்துச்சு. கண்ணாடி ஹோஸ் போட்டார், குமிழி ஓடுச்சு. ஃபில்டர் மூடியைக் கழட்டினா, பழைய ஓ-ரிங்கையே திரும்பப் போட்டிருந்தாங்க, ஒரு இடத்துல நசுங்கிப் போயிருந்துச்சு. மாத்தினார். மறுநாள் காலைல ஒரே திருகுல வண்டி பிடிச்சுது.

அவர் ரெண்டு மணி நேரம் வேலை பார்த்திருக்கார். 600 ரூபாய் கேட்டார். "ஒரு ரப்பர் வளையத்துக்கு 600-ஆ?"ன்னு பேரம் பேசி 400 கொடுத்துட்டு வந்தான் தம்பி. இதே ஆள் பம்ப் மாத்தறதுக்கு வட்டிக்குப் பணம் புரட்ட ரெடியா இருந்தவன்தான்.

இரும்புக்குக் காசு, அறிவுக்கு இல்ல

நான் சொல்ல வந்தது இதுதான். ஊர்ல யாரும் பார்த்துச் சொல்றதுக்குக் காசு கொடுக்கறதில்ல. கையில ஒரு கனமான பாகத்தைக் கொடுத்தா மட்டும்தான் பில்லு நியாயமாத் தெரியுது. அப்புறம் மெக்கானிக் என்ன பண்ணுவார்? ரெண்டு மணி நேரம் தேடி ஓ-ரிங் மாத்தினா 400. அரை மணி நேரத்துல பம்ப்பைக் கழட்டிப் புதுசு போட்டா, பாகத்துல கிடைக்கிற கமிஷனோட ஆயிரக்கணக்குல. அவருக்கும் வாடகை இருக்கு, பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் இருக்கு. அளந்து பார்க்கிறவன் பட்டினி, மாத்தறவன் கல்லா கட்டறான்னு நாமளே ஒரு சந்தையை உண்டாக்கி வெச்சிருக்கோம்.

டாக்டர்கிட்ட போனா ரத்தப் பரிசோதனைக்குக் காசு கட்டறோம். 'ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கீங்க'ன்னு ரிசல்ட் வந்தா சந்தோஷமா வீட்டுக்கு வர்றோம், பணத்தைத் திருப்பிக் கேட்கறதில்ல. கழனி மண்ணைப் பரிசோதனைக்கு அனுப்பிட்டு, 'பாஸ்பரஸ் போதுமான அளவு இருக்கு, போட வேணாம்'னு அட்டை வந்தா, மிச்சமான உரக்காசு நமக்கு லாபம்னு தெரியுது. வண்டியில மட்டும் ஏன் இந்தக் கணக்கு வரமாட்டேங்குது?

பூட்டி வெச்ச புத்தகம்

இதுல மெக்கானிக் பக்கம் தீராத ஒரு குறை இருக்கு. அந்த வண்டிக்கு செல்ஃப்ல எத்தனை பார் வரணும், ரிட்டர்ன் எவ்வளவு வரலாம், சென்சார்ல எத்தனை வோல்ட் இருக்கணும்னு தெரிஞ்சாத்தானே அளந்ததுக்கு அர்த்தம்? அந்தப் புத்தகம் கம்பெனிகிட்ட இருக்கு. ஸ்கேனர்ல முழுசா உள்ள போற சாவியும் அவங்ககிட்டதான். வெளியில கிடைக்கிற ஆயிரம் ரூபா ப்ளூடூத் கருவி சில வண்டியில ரெயில் பிரஷர் காட்டுது, பல வண்டியில காட்டமாட்டேங்குது.

இது புதுப் பஞ்சாயத்து இல்ல. ஷம்ஷேர் கட்டாரியாங்கிறவர் 2011-ல இந்தியப் போட்டி ஆணையத்துக்குப் போனார். கார் கம்பெனிங்க ஒரிஜினல் பாகத்தையும் கோளாறு கண்டுபிடிக்கிற கருவியையும் வெளி மெக்கானிக்குக் கிடைக்காம பண்றாங்கன்னு புகார். 2014 ஆகஸ்ட் 25-ல தீர்ப்பு வந்துச்சு. 14 கம்பெனிக்குச் சேர்த்து 2,500 கோடிக்கு மேல அபராதம். பாகமும் கருவியும் வெளி ஒர்க்‌ஷாப்புக்கும் கிடைக்கணும்னு உத்தரவு. கம்பெனிங்க மேல்முறையீட்டுக்குப் போனாங்க. 2022 ஜூலையில மத்திய நுகர்வோர் துறை 'பழுது பார்க்கும் உரிமை'க்கு ஒரு குழு போட்டுச்சு. அது எடுத்துக்கிட்ட துறைகள்ல வாகனமும் விவசாயக் கருவியும் உண்டு. அந்த வருஷம் டிசம்பர்ல ஒரு இணையதளமும் தொடங்கினாங்க. ஆனா அதெல்லாம் கவரைப்பேட்டை தகரக் கொட்டாய் வரைக்கும் வந்து சேரல.

அமெரிக்காவுல மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-லயே வாகனத்துக்கு இந்த உரிமையைக் கொடுத்துச்சு. கொலராடோவுல 2023-ல விவசாயிங்க டிராக்டருக்காகவே தனிச் சட்டம் வாங்கினாங்க. அறுவடை நேரத்துல இயந்திரம் நின்னா கம்பெனி ஆள் வர்ற வரைக்கும் பயிர் காத்திருக்காதுங்கிறதுதான் அவங்க வாதம். எங்க கீரைக்கட்டோட வாதமும் அதேதான்.

கம்பெனிங்க சொல்ற பதிலையும் சொல்லிடறேன். திறந்துவிட்டா புகைக் கட்டுப்பாட்டை ஏமாத்தி கம்ப்யூட்டரை மாத்தி எழுதுவாங்க, உயர் பிரஷர்ல தெரியாதவன் கை வெச்சா உயிருக்கு ஆபத்துங்கறாங்க. ரெண்டுலயும் உண்மை இருக்கு. ஆனா படிக்கிறது வேற, திருத்தி எழுதறது வேற. எழுதற சாவியைப் பூட்டி வைக்கட்டும், படிக்கிற உரிமையைக் கொடுக்கலாமே? ஆபத்துன்றது சொல்லிக் கொடுக்கறதுக்குத்தான் காரணம். மறைச்சு வைக்கிறதால யாரும் தொடாம இருக்கப் போறதில்ல, தெரியாமத் தொடுவாங்க, அவ்வளவுதான்.

எங்க பக்கம் இது இன்னும் உறுத்துது. எண்ணூர்ல அசோக் லேலண்ட் இருக்கு. திருவள்ளூர்ல ஒரு காலத்துல ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் லான்சர் கார் செஞ்சாங்க, இப்ப கேட்டர்பில்லர் இயந்திரங்கள் செய்றாங்க. தேர்வாய் கண்டிகையில மிச்செலின் டயர் வருது. வண்டி செய்யறதுக்கு நிலம் கொடுத்த ஊர்க்காரனுக்கு, வண்டி ஏன் பிடிக்கலன்னு தெரிஞ்சுக்க வழி இல்ல. தமிழ்நாட்டுல 71 அரசு ஐ.டி.ஐ.களை நவீனப்படுத்தற திட்டம் நடந்துச்சு, நல்ல விஷயம். அந்தக் கருவிங்க சாயங்காலம் சும்மா இருக்கற நேரத்துல, ஏற்கனவே கொட்டாய் போட்டு வேலை செய்யற மெக்கானிக்குக்கு பத்து நாள் வகுப்பு எடுக்கலாம். காமன் ரெயில், ஸ்கேனர், உயர் பிரஷர் பாதுகாப்பு. தமிழ்ல. வேளாண் பொறியியல் துறை நடத்தற பயிற்சிகள்லயும் டிராக்டரோட இதைச் சேர்க்கலாம். இப்ப வர்ற டிராக்டர்லயும் இதே காமன் ரெயில் வந்துக்கிட்டிருக்கு.

உங்களுக்கும் சேர்த்துத்தான்

நகரத்துல இருக்கறவங்க, 'நமக்கென்ன, சர்வீஸ் சென்டர்ல விட்டுடறோம்'னு நினைக்கலாம். அங்க வர்ற எஸ்டிமேட்டும் இப்படித்தான் வருது. அடுத்த தடவை பம்ப், இன்ஜெக்டர், சென்சார்னு எழுதிக் கொடுத்தா மூணு கேள்வி கேளுங்க. செல்ஃப் அடிக்கும்போது எத்தனை பார் காட்டுச்சு? எத்தனை வரணும்? கம்மி பிரஷர் பக்கம் என்ன பார்த்தீங்க? பதில் எண்ணா வரணும். அதைப் பில்லுல எழுதித் தரச் சொல்லுங்க. மாத்தின பழைய பாகத்தை வாங்கிக்கிட்டு வாங்க.

அதே மாதிரி, அளந்து பார்த்துட்டு 'பம்ப் நல்லா இருக்கு, இந்த ஹோஸ் மட்டும்தான்'னு ஒருத்தர் சொன்னா, பேரம் பேசாம அவர் கேட்ட கூலியைக் கொடுங்க. ஒரு பத்துப் பேர் அப்படிக் கொடுத்தாலே, பதினொண்ணாவது ஆளோட வண்டியையும் அவர் பொறுமையாப் பார்ப்பார்.

வண்டி வெச்சிருக்கற எங்க ஆளுங்களுக்கு ஒண்ணே ஒண்ணு. ஐப்பசி மழை பிடிக்கறதுக்கு முன்னாடி, ஃபில்டர் அடியில இருக்கற வடி திருகைத் திறந்து ஒரு பாட்டில் பிடிச்சுப் பாருங்க. ஃபில்டர் மாத்தும்போது ஓ-ரிங்கையும் புதுசாப் போடச் சொல்லி, பக்கத்துலயே நின்னு பாருங்க.